பிள்ளைக்கு உரிய பங்கு

இல்லமும் சட்டமும்

சென்ற திங்கள் இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்க நேர்ந்தது. முதற் கடிதம் மனைவியைப் பிரிந்து வாழும் ஒரு தந்தை எழுதியது. ஒன்பது வயது மகளைக் கண்ணால் கண்டு பதினான்கு மாதங்கள் ஆகின்றன என்கிறார். மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளில் பிள்ளையைக் காட்ட வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஆனால் போகும்போதெல்லாம் காய்ச்சல் என்றும், பரீட்சை என்றும், ஊருக்குப் போயிருக்கிறாள் என்றும் ஏதேனும் ஒரு விடை. பொறுத்துப் பார்த்த அவர், தவக்காலத்திலிருந்து பணம் கட்டுவதை நிறுத்திவிட்டாராம். “காட்டாத பிள்ளைக்கு நான் எதற்காகக் கட்ட வேண்டும்?” என்று கேட்டுக் கடிதத்தை முடிக்கிறார்.

இரண்டாவது, ஒரு தாயின் கடிதம். தனியார் மருத்துவமனை ஒன்றில் பணிபுரிகிறவர். ஏழு மாதங்களாகக் கணவர் ஜீவனாம்சத் தொகை தரவில்லை. பள்ளிக் கட்டணத்துக்காகக் காதிலிருந்ததைக் கழற்றி அடகு வைத்திருக்கிறார். ஆகவே மகனைத் தந்தையிடம் அழைத்துச் செல்வதை நிறுத்திவிட்டார். “கஞ்சிக்குத் தராதவருக்குக் கொஞ்சுவதற்கு மட்டும் பிள்ளை வேண்டுமோ?” என்பது அவருடைய கேள்வி.

இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஊர் வேறு, மாவட்டம் வேறு. ஆயினும் ஒரே வீட்டின் இரு அறைகளிலிருந்து எழுதப்பட்டவை போலவே அக்கடிதங்கள் இருந்தன. இருவர் மனத்திலும் நியாயம் இருக்கிறது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இருவரும் எதிர்பார்க்கும் விடையை நம்மால் தர இயலாது. பணம் வராததால் பிள்ளையைக் காட்டாமல் இருக்கலாம் என்றோ, பிள்ளையைக் காட்டாததால் பணம் தராமல் இருக்கலாம் என்றோ சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை. அவை இரண்டும் கணவனுக்கும் மனைவிக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் அல்ல. மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஒன்பது வயது. பணமும் அவருடையது, பெற்றோர் இருவரையும் காணும் உரிமையும் அவருடையது. இதைச் சற்று விரித்துக் கூறுவதே இம்மாதக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு பழைய தீர்ப்பு. 1973-ஆம் ஆண்டு ஒரு கிறித்தவக் குடும்பத்தின் வழக்கு, சென்னை உயர் நீதிமன்றத்தைக் கடந்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கணவன் மனைவி பிரிந்துவிட்டனர். பிள்ளைகள் யாரிடம் வளர வேண்டும் என்பதே வழக்கு. தந்தை என்ற முறையில் தனக்கே உரிமை என்று ஒரு தரப்பு வாதிட்டது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமைப் பொருள்களும் அல்லர், அவர்களுடைய விளையாட்டுப் பொம்மைகளும் அல்லர் என்னும் கருத்தை நீதிபதிகள் அத்தீர்ப்பில் தெளிவாகக் கூறினர். பெற்றோருக்குப் பிள்ளைமீது முழு உரிமை என்ற பழைய எண்ணம், பிள்ளையின் நலத்துக்குப் பணிந்து வழிவிட வேண்டும் என்றும் எழுதினர். அன்று முதல் இன்றுவரை இந்நாட்டு நீதிமன்றங்கள் இத்தகைய வழக்குகளில் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டும் தீர்ப்புகளுள் அதுவும் ஒன்று. நம்மவர் வீட்டுச் சண்டையிலிருந்து நாடு முழுமைக்கும் ஒரு நெறி பிறந்ததை எண்ணிப் பெருமைப்படுவதா, வருந்துவதா என்பது தெரியவில்லை.

இனி, பணத்தைப் பற்றிப் பேசுவோம். ஜீவனாம்சம் என்ற சொல்லைக் கேட்டாலே நம் வீடுகளில் முகம் சுளிக்கிறார்கள். தருபவருக்கு அது தண்டம். பெறுபவருக்கு அது கையேந்தல். அச்சொல்லின் பொருளோ அவ்வாறில்லை. ஜீவனம் என்பது வாழ்வு. அம்சம் என்பது பங்கு. வாழ்வதற்கான பங்கு என்பதே அதன் நேர்ப்பொருள். பங்கைப் பெறுவதில் வெட்கம் எதற்கு?

இந்தப் பங்கைக் கேட்க விவாகரத்து வழக்குத் தொடுக்க வேண்டிய தேவையில்லை. இதை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திருமண முறிவு நம் விசுவாசத்துக்கு ஒவ்வாதது என்பதால், கோர்ட்டுப் படி ஏறுவதே பாவம் என்று எண்ணிக்கொண்டு, ஆண்டுக்கணக்காகப் பிறந்த வீட்டில் அண்ணிமார் முகம் பார்த்துப் பிள்ளை வளர்க்கும் தாய்மார் நம் பங்குகளில் இருக்கிறார்கள். திருமண உறவு அப்படியே நிலைத்திருக்க, பிள்ளைக்கும் தனக்கும் ஜீவனாம்சம் மட்டும் கேட்டு மனுச் செய்யலாம். முன்னர் இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும், நம் வாயில் எளிதில் நுழையாத பெயருடைய சட்டம் வந்திருக்கிறது. அதில் 144-ஆம் பிரிவு. எண் மாறியதேயன்றி உரிமை மாறவில்லை. குடும்பநல நீதிமன்றம் உள்ள ஊர்களில் அங்கேயும், இல்லாத இடங்களில் குற்றவியல் நடுவர் முன்பும் மனுக் கொடுக்கலாம். கணவர் இருக்கும் ஊருக்கு ஓட வேண்டுவதில்லை; மனைவி தான் வசிக்கும் இடத்திலேயே கொடுக்கலாம்.

திருச்சபையின் நிலையும் பலர் அஞ்சுவது போன்றதன்று. தம்பதியர் பிரியும் நிலை வந்தால், பிள்ளைகளின் பராமரிப்புக்கும் வளர்ப்புக்கும் தக்க ஏற்பாடு எப்போதும் செய்யப்பட வேண்டும் என்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1154-ஆம் விதி. ‘எப்போதும்’ என்ற சொல் அங்கே இருக்கிறது. அதற்கு மேலும் ஒன்று: பிள்ளைகளைப் பேணுதல் போன்ற நியாயமான உரிமைகளைக் காக்க வேறு வழியே இல்லாத இடத்தில், நாட்டுச் சட்டப்படியான மணமுறிவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அது ஒழுக்கக் குற்றமாகாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு தன் 2383-ஆம் எண்ணில் கூறுகிறது. அப்படியிருக்க, பிள்ளையின் சோற்றுக்காக ஒரு மனுக் கொடுப்பது எவ்வாறு குற்றமாகும்?

மறுபக்கம், திருச்சபைச் சட்டத்தைத் தம் வசதிக்கு வளைப்பவர்களும் இருக்கிறார்கள். “மறைமாவட்ட நீதிமன்றம் எங்கள் திருமணமே செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது, திருமணமே இல்லாதபோது ஜீவனாம்சம் ஏது?” என்று வாதாடிய ஒருவரை நாம் அறிவோம். இது முழுத் தவறு. திருச்சபை நடுவர்கள் தரும் செல்லாமைத் தீர்ப்பு நாட்டுச் சட்டத்தின் கண்ணில் திருமணத்தை நீக்காது என்பதை உச்ச நீதிமன்றம் 1996-இல் ஒரு வழக்கில் உறுதிப்படுத்தியது. 2017-இல் வந்த ஒரு பொதுநல மனுவையும் தள்ளுபடி செய்தது. திருச்சபையின் உள்ளே பார்த்தாலும் நிலைமை அதுவே. செல்லும் திருமணம் என்று நம்பி வாழ்ந்த பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள், பின்னர் அத்திருமணம் செல்லாது எனத் தீர்க்கப்பட்டாலும் முறையான பிள்ளைகளே என்கிறது 1137-ஆம் விதி. செல்லாமைத் தீர்ப்பு எழுதும்போதே பிள்ளைகளின் பராமரிப்பு பற்றிய கடமைகளைத் தரப்பினருக்கு நினைவூட்ட வேண்டும் என்றும் திருச்சபைச் சட்டம் விதித்திருக்கிறது. திருமணம் செல்லாமற் போகலாம். தகப்பன் செல்லாமற் போவதில்லை.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே களைந்துவிடலாம். தகுந்த காரணமின்றிக் கணவனோடு வாழ மறுக்கும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று அதே 144-ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு. அதைக் கேள்விப்பட்டு, “அவளாகத்தானே போனாள், ஒரு காசு தரமாட்டேன்” என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த விலக்கு மனைவிக்கு மட்டுமே உரியது. பிள்ளையின் பங்கில் அது கை வைக்காது. தாயின் நடத்தை எதுவாயினும், பிள்ளை பசித்தால் தந்தை பொறுப்பு.

எவ்வளவு தர வேண்டும்? இவ்வளவு சம்பளத்துக்கு இவ்வளவு என்று சட்டத்தில் அட்டவணை எதுவும் இல்லை. முன்பு 500 ரூபாய் என ஓர் உச்சவரம்பு இருந்தது. நாட்டில் விலைவாசி எங்கோ போன பின்பும் அந்த 500 நெடுங்காலம் அசையாமல் நின்றது. 2001-இல்தான் அவ்வரம்பை எடுத்தனர். இன்று நீதிபதி, பிள்ளையின் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம், கல்வி ஆகியவற்றையும், பெற்றோர் இருவரின் வருவாயையும் பார்த்து முடிவு செய்கிறார். கல்விச் செலவை வழக்கமாகத் தந்தை ஏற்க வேண்டும். தாயும் போதிய அளவு சம்பாதித்தால் இருவரும் வருவாய்க்கு ஏற்பப் பகிர்ந்துகொள்ளலாம். இது 2020 நவம்பர் 4-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி.

அந்த 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பு நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. இத்தகைய வழக்குகளில் அதுவரை நடந்த பெரிய கூத்து, வருமானத்தை மறைப்பது. திருமணப் பேச்சின்போது மாப்பிள்ளைக்கு மாதம் அறுபதாயிரம் என்பார்கள். வழக்கு என்று வந்ததும் அதே மாப்பிள்ளை வேலையற்றவர் ஆகிவிடுவார். கடை அண்ணன் பெயருக்கும், மோட்டார் வண்டி மைத்துனன் பெயருக்கும் மாறிவிடும். பெண் வீட்டாரும் இதில் சளைத்தவர்கள் அல்லர். ஆசிரியை வேலையை மறைத்து, வருமானமே இல்லை என்று எழுதிக் கொடுத்த மனுக்களும் உண்டு. இப்போது இரு தரப்பினரும் தத்தம் வருமானம், சொத்து, கடன், செலவு அனைத்தையும் பிரமாண வாக்குமூலமாகத் தர வேண்டும். பொய் எழுதினால் அதற்கே தனி நடவடிக்கை வரலாம். ஜீவனாம்சம் தீர்ப்பு நாளிலிருந்து அன்றி, மனுக் கொடுத்த நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்பதும் அத்தீர்ப்பில் உள்ளது. வாய்தா வாங்கி வாங்கி நாளைக் கடத்தினால் இலாபம் என்று எண்ணுவோருக்கு இது நல்ல மருந்து. நாள் ஓட ஓட நிலுவையே ஏறும்.

“எனக்கு வேலையில்லை” என்பதும் இனி எளிதில் எடுபடாது. உடல் நலமுள்ள ஆண், கூலி வேலை செய்தாயினும் மனைவி பிள்ளைகளைக் காக்கக் கடமைப்பட்டவன் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

கடற்கரைப் பங்குகளின் வாசகர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. விசைப்படகில் தொழிலுக்குச் செல்கிறவரின் வருவாய் மாதச் சம்பளம் போன்றதன்று. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. குமரியின் மேற்குக் கரையில் ஜூன், ஜூலை மாதங்கள் தடைக்காலம். பள்ளி திறந்து கட்டணமும் நோட்டுப் புத்தகமும் கேட்கிற ஜூன் மாதம், பாதியளவுக்கேனும் இந்தத் தடைக்குள் விழுந்துவிடுகிறது. இதை நீதிமன்றத்தில் எடுத்துச் சொன்னால்தானே நீதிபதிக்குத் தெரியும்? பிடிபாடு நன்றாக உள்ள மாதங்களில் கூடுதலாகவும், தடைக்காலத்தில் குறைவாகவும் தர இருவரும் ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுக்கலாம். உத்தரவான பின்பு நிலைமை மாறினாலும், தொகையைக் கூட்டவோ குறைக்கவோ கேட்டு மனுச் செய்யும் வழி அதே சட்டத்தின் 146-ஆம் பிரிவில் இருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் நிறுத்திவிடுவதுதான் ஆபத்து. நிறுத்தியவரைக் கைது செய்ய வாரண்டு வரலாம். செலுத்தாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்கலாம். சிறையில் இருந்ததால் கடன் கழிந்துவிடுவதும் இல்லை. வெளியே வந்து கட்டியாக வேண்டும்.

பெறவேண்டிய தாய்மாருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. நிலுவையை வசூலிக்க, அது தரவேண்டியதான நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுக் கொடுத்தாக வேண்டும். “வரட்டும், மொத்தமாகக் கேட்டுக்கொள்ளலாம்” என்று மூன்றாண்டு பொறுத்திருந்தால், பழைய நிலுவைக்கு வாரண்டு கேட்கும் இந்த வழி அடைபட்டுவிடும். முன்னே கண்ட சகோதரி ஏழு மாதம் காத்திருக்கிறார். இன்னும் ஐந்து மாதம் கடந்தால் முதல் மாதத் தொகைக்கு ஆபத்து. மகனை மறைத்து வைப்பதற்குச் செலவிடும் நேரத்தை அந்த மனுவுக்குச் செலவிட்டால் பயனுண்டு. வக்கீல் கட்டணத்துக்கு வழியில்லையே என்று கலங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, பெண்களும் பிள்ளைகளும் வருமான வரம்பு ஏதுமின்றி இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அந்த அலுவலகம் இருக்கும். தாலுகா அளவிலும் உண்டு.

பணத்தைப் பற்றிச் சட்டம் நிறையப் பேசுகிறது. பிள்ளையைக் காண்பது பற்றி அது சொல்வது குறைவு. அங்கேதான் மனிதர் செய்யும் கொடுமை அதிகம்.

குடும்பநல நீதிமன்ற வளாகத்தில் ஒரு சனிக்கிழமை முற்பகல் அமர்ந்து பார்த்தால் விளங்கும். பொம்மைகள் கிடக்கும் ஓர் அறை. ஒரு தந்தை கையில் கேக்குப் பெட்டியுடன் வந்திருப்பார். வாசற்படியில் பாட்டி நிற்பார். உள்ளே போகும் பேரனிடம், “அவர் எது கொடுத்தாலும் வாங்காதே” என்று காதில் சொல்லி அனுப்புவார். ஆறு வயதுப் பையன் கேக்கைப் பார்ப்பான், கதவைப் பார்ப்பான், மறுபடியும் கேக்கைப் பார்ப்பான். கடைசியில், “எனக்குக் கேக்கு பிடிக்காது” என்பான். அத்தந்தை அதை நம்பிவிடுவார், தாய்வீட்டார் கெடுத்துவிட்டார்கள் என்று அன்றிரவே மனுவில் எழுதுவார். பையனோ வீட்டுக்குப் போனதும், “அப்பா என்ன கேட்டார்? வேலைக்காரி இருக்கிறாளா என்று நீ கேட்டாயா?” என்ற விசாரணைக்கு ஆளாவான். ஆறு வயதில் இரு தரப்புக்கும் ஒற்றனாக வாழப் பழகுகிறான்.

நீதிபதிகள் சில வேளைகளில் பிள்ளையைத் தம் தனியறைக்கு அழைத்து, பெற்றோர் இல்லாமல் பேசிப் பார்ப்பதுண்டு. 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டம் கிறித்தவப் பிள்ளைகளுக்கும் பொருந்துவது. அதன் 17-ஆம் பிரிவு, பிள்ளையின் வயது, பாலினம், சமயம், பொறுப்பேற்க விரும்புவோரின் நடத்தை, தகுதி முதலியவற்றைப் பார்க்கச் சொல்கிறது. சிந்தித்துச் சொல்லும் வயதுள்ள பிள்ளையானால் அதன் விருப்பத்தையும் கேட்கலாம் என்கிறது. கேட்கலாம் என்பதுதான் சட்டம். அப்படியே ஏற்க வேண்டும் என்பதன்று. சொல்லிக் கொடுத்த பாடத்தை ஒப்புவிக்கும் குரல் எது, சொந்தக் குரல் எது என்பதை நாள்தோறும் பிள்ளைகளைக் காணும் நீதிபதி அறிவார். ஒரு பெற்றோர் பிள்ளையின் மனத்தில் மற்றவருக்கு எதிராக நஞ்சு ஊட்டுவதைப் பற்றி உச்ச நீதிமன்றமே 2017-இல் ஒரு தீர்ப்பில் விரிவாகப் பேசியிருக்கிறது. ஆகவே, பாடம் சொல்லிக் கொடுத்து அனுப்புகிறவர்கள் தம் வழக்கைத் தாமே பலவீனப்படுத்துகிறார்கள் என்பதையாவது நினைக்கட்டும்.

அதே 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தில், தகுதியற்றவர் என்று காணப்பட்டாலன்றித் தந்தை உயிரோடிருக்கும் மைனருக்கு வேறொருவரைக் காப்பாளராக நியமிக்க இயலாது என்று ஒரு விதி இருந்தது. 2010-இல் அதைத் திருத்தி, தந்தையோடு தாயையும் சேர்த்தனர். நூற்றிருபது ஆண்டுகள் கழித்துத் தாய் சட்டத்தின் கண்ணில் பட்டார்! ஆனால் தாய் என்ற ஒன்றனாலேயே பிள்ளை முழுவதும் அவருக்குச் சொந்தம் என்ற பொருள் இதற்கு இல்லை. பிள்ளை யாரிடம் வளர்ந்தாலும், மற்றவரைக் காணவும், தொலைபேசியிலோ வீடியோ அழைப்பிலோ பேசவும் அதற்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் தந்தையருக்கு இது பெரிதும் பயன்படும். ஈராண்டுக்கொருமுறை ஒரு மாத விடுப்பில் வருபவருக்கு, ‘மாதத்தில் முதல் சனிக்கிழமை இரண்டு மணி நேரம்’ என்ற உத்தரவால் என்ன பயன்? விடுப்பில் வரும்போது தொடர்ந்து சில நாள்களும், வெளிநாட்டில் இருக்கும்போது வாரம் ஒரு நாள் வீடியோ அழைப்பும் என்று கேட்டுப் பெற வேண்டும். கேட்காதவருக்கு வழக்கமான உத்தரவே கிடைக்கும்.

காட்ட மறுத்தால் என்ன செய்வது என்று அந்தச் சகோதரர் கேட்பார். பணத்தை நிறுத்துவதால் அவர் அடையப்போவது, தம் மீது ஒரு வாரண்டும், “பிள்ளைக்குச் சோறு போடாத தகப்பன்” என்று மறுதரப்பு மனுவில் எழுத ஒரு வாய்ப்புமே. ஒவ்வொரு மாதமும் வங்கி வழியாகத் தொகையைச் செலுத்தி, அதற்கான சான்றை வைத்துக்கொள்ளட்டும். காட்டாத ஒவ்வொரு சனிக்கிழமையின் தேதியையும் குறித்து வைத்து, உத்தரவை நிறைவேற்றித் தரும்படி அதே நீதிமன்றத்தில் மனுச் செய்யட்டும். இரு கைகளும் சுத்தமாக இருப்பவரின் மனுவுக்கு எடை அதிகம். வேண்டுமென்றே தொடர்ந்து மறுக்கும் பெற்றோரிடம் பிள்ளை வளர்வது நலமா என்றே நீதிமன்றம் மறு ஆய்வு செய்யக்கூடும்.

பங்குச் சமூகமாகிய நாம் இதில் வெறும் பார்வையாளர் அல்லர். எத்தனையோ பூசல்கள் ‘எங்கே வைத்துப் பிள்ளையை ஒப்படைப்பது’ என்ற சிறு காரியத்தில் வெடிக்கின்றன. மாமியார் வீட்டு வாசலில் போய் நிற்கக் கணவருக்குக் கௌரவம் தடுக்கிறது. நீதிமன்ற வளாகத்தில் பிள்ளைக்கு அச்சம். ஞானத்தாய், ஞானத்தந்தை வீடு இருக்கிறது. கன்னியர் மடத்து வரவேற்பறை இருக்கிறது. இருவரும் ஒத்துக்கொண்டால் அவ்விடத்தையே நீதிமன்றத்தில் எழுதிக் கொடுக்கலாம். ஞானப்பெற்றோர் என்ற உறவு, திருமுழுக்கு அன்று சங்கிலி போடுவதோடும் கல்யாணத்துக்குப் பட்டு எடுப்பதோடும் முடிந்துவிட வேண்டியதா என்ன?

பங்குப் பள்ளித் தலைமையாசிரியைகளும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். “அவர் வந்தால் பிள்ளையைக் காட்டாதீர்கள், மதிப்பெண் அட்டையும் கொடுக்காதீர்கள்” என்று ஒரு தாயோ தந்தையோ வாய்மொழியாகச் சொல்வது நீதிமன்ற உத்தரவாகிவிடாது. தடை உத்தரவு உண்டா என்று கேட்டு, நகலை வாங்கிப் பார்க்க வேண்டும். இல்லையெனில் பிள்ளையின் படிப்பைப் பற்றி அறிய இருவருக்கும் உரிமை உண்டு. அதற்காக, சண்டை மூண்ட வேளையில் வந்து பிள்ளையை உடனே அழைத்துப்போகக் கேட்பவரிடம் அப்படியே அனுப்பிவிடச் சொல்லவில்லை. மற்றவருக்குத் தகவல் சொல்லிவிட்டுச் செய்வதே முறை.

புதுநன்மை நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரிந்த பெற்றோரின் பிள்ளைக்கு அந்த நாள் மகிழ்ச்சியைவிட நடுக்கமே தருகிறது. அப்பா வருவாரா, வந்தால் அம்மா எழுந்து போய்விடுவாரா, புகைப்படத்தில் யார் நிற்பார்? பாப்பரசர் பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்ச்சி’ என்னும் திருத்தூது ஊக்கவுரையில், பிரிந்த பெற்றோர் பிள்ளையை ஒருபோதும் பணயக் கைதியாக்கக் கூடாது என்று மன்றாடிக் கேட்கிறார். அவர் மனத்தில் இத்தகைய நாள்களும் இருந்திருக்கும் என எண்ணுகிறோம். மறைக்கல்வி ஆசிரியைகள் முன்னதாகவே இரு தரப்போடும் பேசி, முன்வரிசையில் இருபுறமும் இடம் ஒதுக்கி, இரண்டு புகைப்படம் எடுக்க ஏற்பாடு செய்துவிடலாம். செலவு ஒன்றுமில்லை.

சமரசம் பேசி முடிப்பவர்களுக்குக் கடைசியாக ஒரு செய்தி. குடும்பநல நீதிமன்றங்களை அமைத்த 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, முதலில் சமரசத்துக்கு முயலும் கடமையை நீதிபதிக்கே விதித்திருக்கிறது. ஆலோசகர்கள் இருக்கிறார்கள், பல வழக்குகள் அங்கேயே உடன்பாட்டில் முடிகின்றன. அவ்வாறு எழுதப்படும் சமரசக் குறிப்பில் பெரும்பாலும் விட்டுப்போவது, பிள்ளையின் பதினெட்டாம் வயது. 144-ஆம் பிரிவின்படி பிள்ளைக்குரிய ஜீவனாம்சம் 18 வயது நிறைவோடு முடிகிறது. உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாத பிள்ளைக்கு மட்டுமே அதன்பின்னும் நீடிக்கும். பிளஸ் டூ முடித்துக் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ சேர்வது சரியாக அந்த வயதில்தான். கட்டணம் உச்சத்துக்கு ஏறும் வேளையில் சட்டத்தின் கை விலகிவிடுகிறது. ஆகவே கல்லூரிப் படிப்பு முடியும்வரை யார் எவ்வளவு ஏற்பது, விடுதிக் கட்டணம் யாருடையது, ஆண்டுதோறும் தொகை எவ்வளவு கூட வேண்டும், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் கோடை விடுமுறைக்கும் பிள்ளை யாரிடம் இருக்கும் என்பவற்றை அக்குறிப்பிலேயே எழுதச் சொல்லுங்கள். குறிப்பு ஆங்கிலத்தில் தட்டச்சாகி வந்தால், கையொப்பமிடுமுன் தமிழில் ஒருமுறை வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம். அடுத்த பத்து ஆண்டுகளுக்கு உங்கள் பிள்ளை அந்தத் தாளின்படிதான் வளரப்போகிறது.